மெழுகில் திருத்தலாம்

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டொன்று, முதலாம் ராஜராஜனின் அக்கா குந்தவை எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகளைச் சொல்கிறது. உமா பரமேசுவரியின் உருவங்களும், அவருடைய தந்தை சுந்தர சோழனின் உருவமும் அதில் உண்டு. பொன்னும் அதிகாரமும் இருந்த பெண் சிலையைச் செய்யச் சொன்னாள். பெயர் கல்லில் ஏறியது. வார்த்தவரிடம் அவள் என்ன கேட்டாள், எதை மாற்றச் சொன்னாள் என்பதைக் கல் சொல்வதில்லை.

அந்தக் கேள்வியோடுதான் சென்ற ஆண்டு சுவாமிமலைக்குப் போனேன். 2023இல் ஜி20 மாநாட்டுக்காக டெல்லி பாரத மண்டபத்தில் நிறுத்திய 27 அடி நடராஜர் வார்க்கப்பட்ட ஊர் அது. நான் உட்கார்ந்திருந்த பட்டறை சிறியது. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து பிடித்த அம்மன் உருவம் மணையில் இருந்தது. ஸ்தபதியின் மனைவி கைபேசியைப் பிடித்து அதைச் சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். மறுமுனையில், வெளிநாட்டிலிருந்து சிலைக்குச் சொல்லியிருந்த பெண்.

"அபிஷேகத்துக்கு நான்தான் தூக்கணும். மணிக்கட்டு தாங்காது. உயரத்தைக் குறைக்க முடியுமா?"

அது சின்ன வேண்டுகோள் அல்ல. இங்கே சிலைகள் பெரும்பாலும் கனவார்ப்பு. உள்ளே கூடு கிடையாது. உயரம் கொஞ்சம் கூடினாலும் எடை நிறையக் கூடும். குறைப்பதும் எளிதல்ல. சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, மடித்து மடித்து முகம், மார்பு, இடை, கால் என்று அளவு வைப்பார்கள். உயரம் மாறினால் எல்லா மடிப்பும் மாறும். ஆனாலும் இப்போது மாற்றலாம். காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வடித்து, ஐம்பொன்னை ஊற்றிவிட்டால் பிறகு யார் சொல்லியும் பயனில்லை.

ஸ்தபதி முதலில் தலையசைத்து மறுத்தார். "தூக்குறவங்களுக்குத்தானே தெரியும்?" என்றார் மனைவி. சற்று நேரம் கழித்து அவர் புதிய ஓலையை எடுத்தார்.

குந்தவைக்கு அரசு இருந்தது. இந்தப் பெண்ணுக்குக் கைபேசி இருக்கிறது. தினமும் சிலையைக் குளிப்பாட்டித் துடைக்கும் கையின் வலி, கடல் தாண்டி வந்து ஓலையின் நீளத்தை மாற்றியது எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அதை எடுத்துச் சொல்லி இணங்க வைத்தவர், படம் எடுத்தவர், திருத்தங்களைக் குறித்துக்கொண்டவர் பட்டறைக்குள்ளேயே இருந்தார். கிளம்பும்போது ரசீதைப் பார்த்தேன். ஸ்தபதியின் பெயர் இருந்தது, வாங்குபவரின் பெயர் இருந்தது. அவர் பெயர் இல்லை.