அடிப்படைச் சட்டமும் குடியுரிமையும்

நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தை அந்நாடாளுமன்றமே மறுநாள் மாற்றிவிடலாம். ஆனால், நாடாளுமன்றத்தையே கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றுண்டு. அதுவே அரசமைப்புச் சட்டம். ஓர் உரிமை இவ்விரண்டில் எதனுள் எழுதப்பட்டிருக்கிறது என்பது சட்ட அறிஞர்கள் மட்டுமே ஆராய வேண்டிய செய்தியன்று. ஏழை எளியவரின் வாழ்வையே முடிவு செய்யும் செய்தியாகும்.

1787 செப்டம்பர் 17ஆம் நாள் பிலடெல்பியாவில் 39 பேர் கையொப்பமிட்ட அமெரிக்க அரசமைப்பு, சட்டமியற்றல், ஆட்சி, நீதி என அதிகாரத்தை மூன்றாகப் பிரித்து ஒன்றையொன்று கண்காணிக்கச் செய்தது. ஆயினும், குடிமகன் யார் என்பதை அது வரையறுக்கவில்லை. அக்குறைக்குக் கறுப்பின மக்களே விலை கொடுத்தனர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழிவந்தோர் அமெரிக்கக் குடிமக்களாக இயலாதென 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உள்நாட்டுப் போருக்குப் பின், 1868இல் நிறைவேறிய 14ஆம் திருத்தமே, அம்மண்ணில் பிறந்து அதன் ஆட்சிக்கு உட்பட்டோர் யாவரும் குடிமக்கள் என அடிப்படைச் சட்டத்தில் பொறித்தது.

அதே குறை இலங்கையில் நம்மவரைத் தாக்கியது. விடுதலை பெற்ற இலங்கையின் சோல்பரி அரசமைப்பு, ஓர் இனத்தாருக்கு மட்டும் பாதகமான சட்டம் இயற்றலாகாதென 29ஆம் பிரிவில் விதித்தது. குடியுரிமையையோ சாதாரணச் சட்டத்திற்கு விட்டுவிட்டது. விளைவு, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தோட்டத் தமிழர் பல இலட்சம் பேர் நாடற்றவராயினர். இலண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குச் சென்றும், 1953இல் 29ஆம் பிரிவு அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை. அத்துயர் முற்றிலும் நீங்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சோல்பரி அரசமைப்பின் உருவாக்கத்தில் பங்கு கொண்ட சர் ஐவர் ஜென்னிங்ஸ், 1956இல் மலாயாவின் அரசமைப்பை வகுக்க வந்த ரீட் ஆணையத்திலும் உறுப்பினராக இருந்தார். மலாயாவிலோ குடியுரிமை அரசமைப்புக்குள்ளேயே இடம்பெற்றது. அம்னோ, ம.சீ.ச., ம.இ.கா. ஆகிய மூன்று கட்சிகளின் கூட்டணி செய்துகொண்ட உடன்பாடே அதற்கு அடிகோலியது.

அதன் அருமையை உணரத் தாசேக் கெலுகோர் வட்டாரத்தை எண்ணிப் பார்த்தால் போதும். அது அமைந்துள்ள வட செபராங் பிறைக்கு மூடா ஆறு வடவெல்லை. ஆற்றுக்கு அப்பால் கெடா. 1800ஆம் ஆண்டில் கெடா சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பெனி பெற்ற இப்பகுதி, பினாங்கோடு சேர்ந்து பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்தது. ஆகவே இங்குப் பிறந்தவர் பிரிட்டிஷ் பிரஜை. 1948ஆம் ஆண்டுக் கூட்டரசு உடன்படிக்கையின்படி, இங்குப் பிறந்து கூட்டரசில் நிலையாக வாழ்ந்த அத்தகையோர் தாமாகவே குடிமக்களாயினர். அக்கரையில் கெடாவில் பிறந்த தமிழ்ப் பிள்ளைக்கோ, பெற்றோரின் பிறப்பு, வசிப்புக் காலம் என மேலும் பல நிபந்தனைகள் இருந்தன. இருகரையிலும் ஒரே மொழி, ஒரே உழைப்பு. உரிமை மட்டும் வேறு!

1957 ஆகஸ்ட் 31ஆம் நாள் அந்த வேற்றுமையை அகற்றியது. அன்று முதல் கூட்டரசின் எப்பகுதியில் பிறந்த குழந்தையும் குடிமகனே என 14ஆம் விதி கூறிற்று. முன்னரே இங்குப் பிறந்தோர் பதிவு செய்துகொள்ள வழி திறந்தது. ஓராண்டுக்குள் விண்ணப்பித்தோருக்கு மலாய்மொழித் தேர்விலிருந்தும் விலக்கு அளிக்கப்பட்டது.

வாயில் திறந்தும் நுழையாதோர் பலர். எழுத்தறியாமையும் பிறப்புப் பத்திரமின்மையும் தடுத்தன. 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்ற மெத்தனமும் சேர்ந்துகொண்டது. 1968ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையற்றோருக்கு வேலை உரிமத்தைக் கட்டாயமாக்கியபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் தமிழகம் திரும்ப நேர்ந்தது.

அடிப்படைச் சட்டமும் அசையாத பாறையன்று. 1962ஆம் ஆண்டுத் திருத்தம், மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டுமெனச் சுருக்கியது. எனினும், அதனைத் திருத்த மூன்றில் இரு பங்குப் பெரும்பான்மை வேண்டும்; 1971 முதல் குடியுரிமைப் பகுதிக்கு ஆட்சியாளர் மாநாட்டின் இசைவும் வேண்டும். வெளிநாட்டில் பெற்ற பிள்ளைக்குத் தாயும் தன் குடியுரிமையை வழங்க வகைசெய்யும் திருத்தத்தை 2024இல் மக்களவை ஏற்றதும் அவ்வழியில்தான்.

பிலடெல்பியா, கொழும்பு, கோலாலம்பூர் ஆகிய மூன்று நகரங்களும் நமக்கு உணர்த்தும் பாடம் ஒன்றே. ஆள்வோரின் நல்லெண்ணத்தை நம்பியிருக்கும் உரிமை அவர்களோடு மாறும். அடிப்படைச் சட்டத்தில் ஏறிய உரிமையை எளிதில் பறிக்க இயலாது. அவ்வுரிமையைக் கைக்கொள்ளும் பொறுப்போ நம்முடையது. பிள்ளை பிறந்தவுடன் பெயர் சூட்ட விரையும் நாம், அப்பிறப்பைப் பதிவு செய்யவும் விரைதல் வேண்டும்.