ஸ்போர்ட்ஸ் காரின் வேகத்தைக் கூட்டினால் வாரண்டி போய்விடுமா?

புத்தம் புது ஸ்போர்ட்ஸ் கார். வாங்கி ஒன்றரை ஆண்டுதான் ஆகிறது. டர்போ எஞ்சின் ஏற்கனவே நன்றாகத்தான் இழுக்கிறது. ஆனால் நண்பர் விடுவதாக இல்லை. "சும்மா ஒரு ரீமேப் பண்ணிப் பாரு, காடி பறக்கும்!" என்கிறார்.

வார இறுதியில் பட்டறைக்குப் போகிறீர்கள். சில மணி நேர வேலை. கார் உண்மையிலேயே பறக்கிறது. ஆறு மாதம் கழித்து, விரைவுச்சாலையில் போகும்போது எஞ்சின் விளக்கு எரிகிறது. வண்டி இழுக்க மறுக்கிறது. விற்பனை நிறுவனத்திடம் கொண்டுபோனால், "இது வாரண்டியில வராதுங்க" என்று பதில் வருகிறது.

இது கற்பனைச் சூழல்தான். ஆனால் காரை மாற்றியமைக்க நினைக்கும் பலரின் பயமும் இதுதான். சிங்கப்பூரில் கார் வாங்குவது சின்ன விஷயமா என்ன? 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான வாகன உரிமைச் சான்றிதழ் மட்டுமே 150,001 வெள்ளியைத் தொட்டது. அதன்மேல் எஞ்சின் செலவும் சொந்தக் கையிலிருந்து போனால்?

மாற்றம் செய்தாலே வாரண்டி முழுதாகப் போய்விடுமா? எதற்குப் போகும், எதற்குப் போகாது? பார்ப்போம்.

வாரண்டி என்றால் என்ன?

தயாரிப்பிலோ மூலப்பொருளிலோ குறை இருந்தால், குறிப்பிட்ட காலத்துக்கு இலவசமாகச் சரிசெய்து தருகிறோம் என்று விற்பவர் தரும் வாக்குறுதிதான் வாரண்டி. அது ஓர் ஒப்பந்தம். எது அடங்கும், எது அடங்காது என்பது வாரண்டிக் கையேட்டில் எழுதியிருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அதிகாரபூர்வ விற்பனை நிறுவனத்திடம் வாங்கிய கார் ஒரு கதை. இணை இறக்குமதியாளரிடம் வாங்கிய கார் வேறு கதை. இணை இறக்குமதியாளர் தரும் வாரண்டி பெரும்பாலும் அவருடையதாகவோ, அவர் ஏற்பாடு செய்த நிறுவனத்துடையதாகவோ இருக்கும். தயாரிப்பாளரின் வாரண்டி தானாக வந்துவிடாது. ஒரே மாடல் கார் என்றாலும் நிபந்தனைகள் மாறலாம். அதனால் நண்பரின் காருக்கு நடந்தது உங்கள் காருக்கும் நடக்கும் என்று சொல்ல முடியாது.

எந்த மாற்றம், எவ்வளவு சிக்கல்?

எல்லா மாற்றமும் ஒன்றல்ல. பழுதான பாகத்துக்கும் மாற்றிய பாகத்துக்கும் தொடர்பு உண்டா என்பதுதான் முதல் கேள்வி.

சக்கர வளையம், பிரேக் பேட்: இவற்றை மாற்றியதற்காகக் குளிர்சாதனக் கருவியின் பழுதை ஏற்க மறுப்பது நியாயமாகாது. ஆனால் சக்கரத் தாங்கி தேய்ந்தாலோ பிரேக் தட்டு வளைந்தாலோ கேள்வி வரும்.

ஸ்பிரிங், காயில்ஓவர்: காரின் உயரத்தைக் குறைத்தால் அதிர்வுதாங்கிகள், இணைப்பு ரப்பர்கள், டயர்கள் ஆகியவற்றின் தேய்மானம் மாறும். அந்தப் பாகங்களுக்கான கோரிக்கை பலவீனமாகிவிடும்.

காற்று வடிகட்டி: பார்க்கச் சின்ன வேலை. ஆனால் எண்ணெய் பூசிய வடிகட்டியில் எண்ணெய் அதிகமானால், உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சரில் அது படியலாம். அப்போது எரிபொருள் கலவையின் கணக்கே தவறும்.

டௌன்பைப்: டர்போவிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய். பல கார்களில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இங்கேதான் இருக்கும். அதை எடுத்துவிட்டுத் திறந்த குழாயைப் பொருத்தினால் வாரண்டி மட்டுமல்ல, சட்டமும் குறுக்கே வரும்.

ரீமேப்: எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு-வின் மென்பொருளை மாற்றுவது. பெரிய சிக்கல் வருவது இதில்தான்.

ரீமேப்பில் அப்படி என்ன ஆபத்து?

டர்போ எஞ்சின்களில் மென்பொருளை மட்டும் மாற்றியே 20 விழுக்காடு அளவுக்குத் திறனைக் கூட்ட முடியும். டர்போ கூடுதல் காற்றைத் திணிக்கிறது, அதற்கேற்ப எரிபொருளும் கூடுகிறது. இழுவிசை கிடைக்கிறது. ஆனால் சிலிண்டருக்குள் அழுத்தமும் வெப்பமும் சேர்ந்தே ஏறுகின்றன.

தயாரிப்பாளர் விட்டுவைத்த இடைவெளி சும்மா விட்டதல்ல. கடும் வெயில், தரம் குறைந்த பெட்ரோல், பராமரிப்பில் தாமதம் எல்லாவற்றையும் எஞ்சின் தாங்கட்டும் என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. ரீமேப் அந்த இடைவெளியைத்தான் எடுத்துக்கொள்கிறது. எரிபொருள் நேரம் தப்பி வெடித்தால் பிஸ்டன் சேதமாகலாம். எஞ்சின் தாங்கினாலும் கியர்பெட்டியும் கிளட்ச்சும் தாங்க வேண்டுமே!

பெட்ரோலையும் மறக்கக் கூடாது. சிங்கப்பூரில் கிடைக்கும் 98 ரகத்துக்கு ஏற்ப ரீமேப் செய்துவிட்டு, மலேசியாவுக்குப் போகும்போது 97 ரகத்தை நிரப்பினால் இருக்கும் கொஞ்ச இடைவெளியும் சுருங்கிவிடும்.

பழையபடி மாற்றிவிட்டால் தெரியாதுதானே?

"சர்வீஸுக்குப் போறதுக்கு முன்னாடி ஸ்டாக்குக்கு மாத்திட்டா யாருக்குத் தெரியும்?" இது அடிக்கடி காதில் விழும் யோசனை.

தெரியும். பல கார்களின் கணினி, தன்னில் எத்தனை முறை மென்பொருள் எழுதப்பட்டது என்ற கணக்கை வைத்திருக்கிறது. பழைய மென்பொருளைத் திரும்பப் போட்டாலும் அந்த எண்ணிக்கை குறையாது, இன்னும் ஒன்று கூடும். ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களில் மென்பொருள் மாற்றப்பட்டது தெரிந்தால் டிடி1 என்ற குறியீடு காரின் பதிவில் ஏறும். ஔடியும் இந்தக் குழுமத்தைச் சேர்ந்ததுதான். அதற்குப் பிறகு எஞ்சின், கியர்பெட்டி சார்ந்த கோரிக்கைகள் கடினம்.

மென்பொருளைத் தொடாமல், சென்சருக்கும் கணினிக்கும் நடுவே பொருத்தும் பிக்கிபேக் பெட்டியும் உண்டு. டர்போ அழுத்தம் உண்மையில் இருப்பதைவிடக் குறைவு என்று அது கணினியை நம்பவைக்கிறது. கழற்றினால் தடயம் குறைவுதான். ஆனால் வழக்கத்துக்கு மாறான எரிபொருள் அளவுகளும் பிழைக் குறியீடுகளும் கணினியில் பதிவாகியிருக்கலாம்.

தவிர, உண்மையை மறைத்து இழப்பீடு கேட்பது ஏமாற்று வேலை. அதைச் செய்யாமல் இருப்பதே நல்லது.

சிங்கப்பூரில் சட்டம் என்ன சொல்கிறது?

"வாரண்டியை அவங்க மறுக்க முடியாது, சட்டம் இருக்கு" என்று இணையத்தில் பலரும் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அவர்கள் குறிப்பிடுவது 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டம். அது அமெரிக்கச் சட்டம், இங்கே செல்லாது.

சிங்கப்பூரில் கவனிக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, 2017 டிசம்பரில் வந்த மாற்றம். வேறு பட்டறையில் சர்வீஸ் செய்தால் வாரண்டி ரத்து என்ற நிபந்தனையைக் கார் விற்பனை நிறுவனங்கள் வைத்திருந்தன. போட்டித்தன்மை ஆணையம் தலையிட்ட பிறகு அவை அதை நீக்கின. எனவே வெளிப் பட்டறைக்குப் போனதை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. ஆனால் அந்தப் பட்டறையின் வேலையால்தான் பழுது வந்தது என்றால் மறுக்கலாம். இன்னொன்று, இது சர்வீஸ், பழுதுபார்ப்பு பற்றியது. திறனைக் கூட்டும் மாற்றங்களுக்கு இது கவசமாகாது.

இரண்டாவது, 2012 செப்டம்பர் முதல் தேதி நடப்புக்கு வந்த "லெமன்" சட்டம். பொருளைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் பொறுப்பு. பழைய கார்களுக்கும் இது பொருந்தும். ஆனால் வாங்கியவரே ஏற்படுத்திய சேதத்துக்கு இச்சட்டம் கைகொடுக்காது. வாங்கிய மறுவாரமே ரீமேப் செய்தால், விற்றவருக்கு நல்ல வாதம் ஒன்றை நீங்களே எடுத்துக் கொடுத்தது போலாகிவிடும்.

ஆணையமும் காப்புறுதியும்

வாரண்டி உங்களுக்கும் விற்பவருக்கும் இடையிலான விவகாரம். சாலையில் ஓட்டலாமா என்பது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விவகாரம். அனுமதி தேவைப்படாதவை, முன்அனுமதி தேவைப்படுபவை, அறவே அனுமதிக்கப்படாதவை என்று மாற்றங்களை ஆணையம் வகைப்படுத்தியிருக்கிறது. புகைபோக்கியை மாற்ற முன்அனுமதி வேண்டும். சட்டவிரோத மாற்றத்துக்கு அபராதமோ சிறைத்தண்டனையோ விதிக்கப்படலாம். மூன்று ஆண்டைக் கடந்த கார்கள் ஈராண்டுக்கு ஒருமுறையும், பத்து ஆண்டைக் கடந்தவை ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாமல் மாற்றம் செய்வது இன்னொரு வம்பு. விபத்து நடந்த பிறகு அது தெரியவந்தால், உங்கள் காருக்கான இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.

மாற்றமே செய்யாவிட்டால் கவலை இல்லையா?

அப்படியும் சொல்ல முடியாது. மலேசியாவின் சிப்பாங் தடத்தில் ஓட்டிப் பார்க்கப் பலருக்கும் ஆசை உண்டு. ஆனால் பந்தயத்திலோ போட்டியிலோ பயன்படுத்தினால் ஏற்படும் சேதத்தைப் பல வாரண்டிகள் ஏற்பதில்லை.

நிசான் ஜிடி-ஆர் ஆர்35 இதற்கு நல்ல உதாரணம். அது விற்பனைக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், அமெரிக்காவில் சிலருடைய காரின் கியர்பெட்டி பழுதானது. காரை நிலைப்படுத்தும் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டு வேகமாகக் கிளப்பியவர்களுக்கு வாரண்டி மறுக்கப்பட்டது பெரிய சர்ச்சையானது. அணைக்கும் பொத்தான் காரிலேயே இருந்தது. எந்தப் பாகத்தையும் மாற்றத் தேவையில்லை. பின்னர் நிறுவனம் மென்பொருளை மாற்றியது.

வாரண்டியை மறுத்துவிட்டால் என்ன செய்வது?

முதலில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எந்தப் பாகம் பழுதானது, எந்த மாற்றம் அதற்குக் காரணம், எந்த நிபந்தனையின்கீழ் மறுக்கிறார்கள் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். வெறுமனே "மாடிஃபை பண்ணியிருக்கீங்க" என்பது போதிய விளக்கம் ஆகாது.

விளக்கம் சரியில்லை என்றால் வேறொரு பட்டறையில் சோதித்து அறிக்கை வாங்கலாம். சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் உதவியை நாடலாம். அடுத்த கட்டம், சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரை போகலாம். வழக்கறிஞர் தேவையில்லை. இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

ஜொகூர் பாருவில் செலவு குறைவு என்று அங்கே மாற்றம் செய்தவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அந்த வேலையில் குறை இருந்தால், எல்லை தாண்டிப் போய்த்தான் நியாயம் கேட்க வேண்டியிருக்கும்.

கை வைப்பதற்கு முன்

* வாரண்டிக் கையேட்டில் விலக்குகள் பகுதியை முழுமையாகப் படியுங்கள்.
* விற்பனை நிறுவனத்தே விற்கும் மேம்பாட்டுப் பாகங்கள் உண்டா, அவற்றுக்கு வாரண்டி உண்டா என்று கேளுங்கள்.
* பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். "ஓகேங்க, பிரச்சினை இல்லை" என்ற வாய்வார்த்தை பின்னால் உதவாது.
* ஆணையத்தின் பட்டியலைப் பாருங்கள், காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவியுங்கள்.
* மாற்றம் செய்யும் பட்டறை தன் வேலைக்கு என்ன உத்தரவாதம் தருகிறது என்று எழுத்தில் கேளுங்கள்.
* கழற்றிய அசல் பாகங்களையும் எல்லா ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. வாரண்டி முடிய இன்னும் எத்தனை மாதம்? எஞ்சினோ கியர்பெட்டியோ போனால் அந்தச் செலவை இன்றே கையிலிருந்து கட்ட முடியுமா? "முடியும்" என்றால் முடிவு உங்களுடையது. "யோசிக்கணும்" என்றால், வாரண்டி முடியும்வரை பொறுத்திருப்பதே நல்லது.