புதுச்சேரியைக் காத்த முள்வேலி

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. விடிஞ்சதும் லாஸ்பேட்டையில் இருக்கிற எங்க கொல்லைக்கு ஓடினேன். வாழை அத்தனையும் படுத்துக் கிடந்தது. பக்கத்து மனையில் புதுசாகக் கட்டின காம்பவுண்ட் சுவர் இருபதடிக்குச் சரிஞ்சிருந்தது. எங்க வேலி மட்டும் அப்படியே நின்னுது. கற்றாழை, திருகுகள்ளி, நடுநடுவே பனை. எங்கப்பா வச்சது. இதுவரைக்கும் ஒரு குடம் தண்ணி ஊத்தினதில்லை.

அந்த வேலியைப் பிடுங்கிட்டு சுவர் எழுப்பணும்னு என் மகன் ரெண்டு வருஷமாகச் சொல்லிக்கிட்டு இருந்தான். அவனுக்குச் சொன்ன கதைதான் இது.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிக்கே இப்படி ஒரு வேலி இருந்தது. வடக்கே கடலோரத்தில் தொடங்கி, ஊரை வளைச்சு, தெற்கே அரியாங்குப்பம் ஆற்றில் போய் முடியும். சுமார் அஞ்சரை மைல். பெரிய கற்றாழையும் முள்செடிகளும், இடையிடையே தென்னையும் பனையுமாக இருந்தது, குதிரைப்படை நுழையவே முடியாதுன்னு அந்தக் காலத்து ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதியிருக்கிறார். செம்மண் மேடும் மணலுமான ஊர் இது. சித்திரை வெயிலையும் ஐப்பசி வெள்ளத்தையும் ஒருசேரத் தாங்குற செடியாகப் பார்த்துத்தான் வச்சிருக்காங்க. (அதில் ஆனைக்கற்றாழை இருந்திருந்தால் அது அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி. பனையும் கள்ளியும் நம்ம ஆள்.)

1760 செப்டம்பரில் மான்சன் தலைமையில் வந்த ஆங்கிலேயப் படை, வேலியோரம் இருந்த காவல் அரண்களைப் பிடித்துத்தான் உள்ளே வந்தது. கோட்டைக்குள் அரிசி தீர்ந்தது. நவம்பர் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி, ஊர்ச்சனத்தில் சுமார் 1400 பேரை வெளியே துரத்தினார். ஆங்கிலேயர் அவங்களைத் தாண்ட விடலை. திரும்பிப் போனால் கோட்டையிலிருந்து சுட்டாங்க. எட்டு நாள் அந்த நடுவெளியில் புல்லின் வேரைத் தோண்டித் தின்னு கிடந்தாங்க. அதுக்குப் பிறகுதான் வெளியே போக விட்டாங்க. நம்ம சனம் அவங்க. ஒருத்தர் பேரும் எனக்குத் தெரியாது.

டிசம்பர் கடைசி ராத்திரி பெரும் புயல். முற்றுகையிட்ட ஆங்கிலேயக் கப்பல்கள் முழுகி ஆயிரம் பேருக்கு மேல் செத்தாங்க. அப்படியும் 1761 ஜனவரி 16-ல் ஊர் விழுந்தது. கோட்டையை இடிச்சுத் தரைமட்டமாக்கினாங்க. 1765-ல் ஊரைத் திரும்பப் பெற்று மறுபடி எழுப்பியவர் லா தெ லோரிஸ்தோன். எங்க லாஸ்பேட்டைக்கு அவர் பேர்தான்னு சொல்லுவாங்க.

புயலுக்கு அந்தத் தேதி பிடிக்கும் போல. 2011-ல் தானே வந்ததும் டிசம்பர் 30 தான். கடலூர்ப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ஞ்சப்ப பனைகள் நின்னுது. சுவர் காற்றையும் தண்ணியையும் மறிக்குது. அடிமண் ஊறினதும் சாயுது. வேலி ரெண்டையும் உள்ளே விட்டு, மண்ணை மட்டும் பிடிச்சுக்குது.

மகன் பாதிதான் ஒத்துக்கிட்டான். ரோட்டுப் பக்கம் சுவர், மத்த மூணு பக்கம் வேலி. போன ஐப்பசியில் இடைவெளி பார்த்து நாற்பது பனங்கொட்டை ஊன்றினேன். "இது மரமாகறதுக்குள்ள நான் கிழவனாயிடுவேன்பா"ன்னான். ஆனாலும் குழி தோண்டினது அவன்தான்.