ஒட்டாவா ஒப்பந்தமும் மக்கள் சபையும்

அயல்நாட்டாருடன் வாணிக ஒப்பந்தம் செய்துகொள்ளும்போது இறுதிச் சொல் யாருடையதாக இருத்தல் வேண்டும்? கையொப்பமிடும் அரசாங்கத்தினுடையதா, ஒப்பந்தத்தின் பயனையும் பாரத்தையும் ஏற்கும் மக்களின் பிரதிநிதிகளுடையதா? இவ்வினா நம் நாட்டிற்குப் புதியதன்று. டில்லியில் 1927-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற வட்ட மாளிகையை நம்மவர் பலர் கண்டிருப்பர். 2023 வரை நம் பாராளுமன்றம் கூடிவந்த அம்மாளிகையில், விடுதலைக்கு முன்னரே இவ்வினா எழுந்தது.

உலகெங்கும் வாணிகம் நலிந்திருந்த 1932-ஆம் ஆண்டில், பிரிட்டிஷ் சாம்ராஜ்ய நாடுகள் கனடாவின் தலைநகராகிய ஒட்டாவாவில் மாநாடு கூட்டின. இந்தியத் தூதுக்குழுவிற்கு ஸர் அதுல் சட்டர்ஜி தலைமை வகித்தார். கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியாரும் அக்குழுவில் ஒருவர். அங்கு முடிந்த ஒப்பந்தப்படி, பிரிட்டிஷ் சரக்குகள் பலவற்றிற்கு நாம் பிற நாட்டுச் சரக்குகளினும் குறைந்த சுங்கவரி விதிக்க இசைந்தோம். நம் தேயிலை, சணல் பொருள்கள், பதனிட்ட தோல் முதலியவை பிரிட்டனில் சலுகை பெற்றன. ஆனால், நம் மூலப்பொருள்களைப் பெருமளவில் வாங்கிய ஜப்பான், ஜெர்மனி போன்ற நாடுகள் மனம் மாறினால் நம் உழவர் கதி யாதாகும் என்ற அச்சம் பரவலாக எழுந்தது.

வரியை மாற்றச் சட்டம் தேவை. ஆதலின் ஒப்பந்தம் மத்திய சட்டசபையின் முன் வந்தே தீரவேண்டியதாயிற்று. அப்போது காங்கிரஸ் கட்சியினர் சபையில் இல்லை. ஒரு குழு ஆராய்ந்த பின்னர், மூன்றாண்டு கழித்துச் சபை மீண்டும் பரிசீலிக்கும் என்ற ஏற்பாட்டுடன் ஒப்புதல் கிடைத்தது. 1933-இல் சண்முகம் செட்டியார் அச்சபையின் தலைவரானார். எனினும் 1934-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் தோல்வியுற்றார். ஒட்டாவா ஒப்பந்தத்தை ஆதரித்தமை அவர்மீது சாட்டப்பெற்ற முக்கியக் குறைகளுள் ஒன்று. அவரே பிற்காலத்தில், 1947-இல், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சரானார்.

தேர்தலுக்குப் பின் காங்கிரஸ் சபைக்குள் வந்தது. மூன்றாண்டுத் தவணை முடிந்து, 1936 மார்ச்சில் விவாதம் நடைபெற்றபோது, ஒப்பந்தத்தை முடித்துவிட வேண்டுமென ஜின்னா கொணர்ந்த திருத்தம் நிறைவேறியது. சர்க்காரும் முடிவு அறிவிப்புக் கொடுத்தது. ஆயினும் புதிய ஏற்பாடு உருவாகும் வரை பழைய சலுகைகள் தொடர்ந்தன. 1939-இல் வந்த இந்திய–பிரிட்டிஷ் ஒப்பந்தத்தையும் சபை நிராகரித்தது. வைசிராயோ தம் தனி அதிகாரத்தைக் கொண்டு அதற்குரிய வரிச்சட்டத்தை நிறைவேற்றிவிட்டார். சபைக்குப் பேச உரிமை இருந்தது. தடுக்க வலிமை இல்லை.

வைசிராயின் அதிகாரம் 1947-உடன் மறைந்தது. நம் அரசியலமைப்பின் 253-ஆவது பிரிவு, அயல்நாட்டு ஒப்பந்தங்களை நிறைவேற்றச் சட்டம் இயற்றும் அதிகாரத்தைப் பாராளுமன்றத்திற்கு அளித்தது. ஆனால் ஒப்பந்தத்தைப் பேசி முடித்துக் கையொப்பமிடுதல் அரசாங்கத்தின் நிருவாக அதிகாரத்தைச் சார்ந்ததாகவே நின்றது.

இதன் விளைவை 1990-களில் கண்டோம். 1994 ஏப்ரலில் மொராக்கோ நாட்டின் மராகேஷ் நகரில் உலக வாணிக அமைப்பிற்கான ஒப்பந்தம் கையொப்பமாயிற்று. அதற்கிணங்கக் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்த அவ்வாண்டு இறுதியில் ஓர் அவசரச் சட்டம் பிறந்தது. அதற்கு மாற்றாக வந்த மசோதாவை மக்களவை ஏற்றது. மாநிலங்களவை தனிக்குழுவின் ஆய்வுக்கு அனுப்பியது. 1996-இல் மக்களவை கலைந்தபோது மசோதா காலாவதியாயிற்று. அமெரிக்கா முறையிட்டது, 1997-இல் அவ்வமைப்பின் மேல்முறையீட்டுக் குழு இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1999-இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மறுக்கும் உரிமை ஏட்டில் இருந்தது. மறுத்தால் நேரும் இழப்போ, முன்னரே இட்ட கையொப்பத்தால் உறுதியாகிவிட்டிருந்தது.

அயலாருடன் பேரம் பேசுங்கால் சில செய்திகளை மறைத்து வைத்தல் இன்றியமையாதது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பேச்சு தொடங்குமுன் நோக்கத்தையும், கையொப்பத்திற்கு முன் உடன்பாட்டையும் மக்கள் பிரதிநிதிகள் அறிந்து ஆராய்வதற்கு வழி காணலாம். அரசியலமைப்புச் செயற்பாட்டை ஆராய்ந்த தேசிய ஆணைக்குழுவும் 2002-இல் இத்துறைக்கெனத் தனிச்சட்டம் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. தறிக்காரரும் தோல் பதனிடுவோரும் மருந்து வாங்கும் நோயாளியும் ஒப்பந்தத்தின் விளைவை முதலில் உணர்கின்றனர். அவர்கள் சார்பில் பேசுவோரை இறுதியில் அழைப்பது முறையாகாது.