மிளகாய்க்குக் குடியுரிமை வழங்கியவர் யார்?

நுவரெலியாவிலிருந்து இராகலை செல்லும் பாதையில் அமைந்த கந்தப்பளை, தேயிலைக்கும் மரக்கறிக்கும் பேர்போன ஊர். மலையகச் செய்திகளைத் திரட்டுவதற்காக அப்பகுதிக்குப் பலமுறை சென்றிருக்கிறேன். லயங்களில் விடியுமுன் ஆயத்தமாகும் உணவு பெரும்பாலும் ஒன்றுதான். கோதுமை மா ரொட்டி. அதற்குத் துணையாகச் செத்தல் மிளகாய், வெங்காயம், உப்பு சேர்த்து அம்மியில் அரைத்த சம்பல். பாட்டன் காலத்துச் சாப்பாடு என்று அதைச் சொல்வார்கள். ஆனால் அந்தச் சம்பலின் வரலாற்றைத் தேடிச் சென்றால், பாட்டனையும் பூட்டனையும் கடந்து மெக்சிக்கோவில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். நாம் நாள்தோறும் பயன்படுத்தும் இனம் மெக்சிக்கோவில் பயிராக்கப்பட்டது. அங்குள்ள தெஹுவாக்கான் பள்ளத்தாக்கில் 1960களில் ரிச்சர்ட் மெக்நீஷ் நடத்திய அகழாய்வுகளில் மிகப் பழைய மிளகாய் எச்சங்கள் கிடைத்தன. தொல்லியல், மரபணு, மொழியியல், சூழலியல் ஆகிய நான்கு வகைச் சான்றுகளையும் ஒப்பிட்டு 2014இல் வெளியான ஓர் ஆய்வும், அந்நாட்டின் நடுக்கிழக்குப் பகுதியையே மிளகாயின் பிறப்பிடமாகச் சுட்டியது.

சோளம், அவரை, பூசணி, மிளகாய் ஆகியவையே அம்மக்களின் உணவுக்கு அடிப்படை. ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு காட்டுப் புல்லிலிருந்து மக்காச்சோளத்தை உருவாக்கியவர்கள் அவர்கள். அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, 'மேத்தாத்தே' என்னும் கல்லில் அரைத்து, தட்டையாகச் சுட்டு, கல்லுரலில் நசுக்கிய மிளகாயுடன் உண்டனர். நம் அம்மியையும் ரொட்டியையும் சம்பலையும் அறிந்தவருக்கு இதில் எதுவும் புதிதாகத் தோன்றாது. 'சில்லி' என்ற சொல்லே அஸ்தெக்குகளின் நஹுவாட்டில் மொழிக்குரியது. மெக்சிக்கோவின் மரபுச் சமையலை யுனெஸ்கோ 2010இல் மானுடத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

1492இல் கொலம்பசு மிளகைத் தேடிப் புறப்பட்டார், கண்டதோ மிளகாயை. போர்த்துக்கேயர் 1498இல் கோழிக்கோட்டையும் 1505இல் இலங்கையையும் அடைந்தனர். அவர்களுடைய கடல்வழி வாணிகத்தோடு மிளகாயும் நம் கரைகளுக்கு வந்தது.

இந்த வருகைக்கு மொழியே சாட்சி. மிளகைப்போல் காரமுடைய காய் என்பதால் நாம் அதை மிளகாய் என்றோம். கிழக்கிலங்கைத் தமிழர் வழங்கும் 'கொச்சிக்காய்' என்ற பெயர், போர்த்துக்கேயரின் கொச்சித் துறைமுகத்தை நினைவூட்டுகிறது. சிங்களத்தில் நடந்ததோ இன்னும் வியப்பானது. மிளகுக்குரிய 'மிரிஸ்' என்ற பெயரைப் புதிதாக வந்த மிளகாய் எடுத்துக்கொண்டது. பழைய மிளகு 'கம்மிரிஸ்', அதாவது ஊர் மிரிஸ், ஆகிவிட்டது. சங்க இலக்கியம் மிளகைக் 'கறி' என்கிறது. நம் சிராத்தச் சமையலில் பலர் இன்றும் மிளகாயை விலக்கி மிளகையே சேர்ப்பதும் அந்தப் பழமையின் எச்சமே.

மிளகு கொடி, அதற்கு மழையும் நிழலும் வேண்டும், விலையும் மிகுதி. மிளகாயோ சில மாதங்களில் கொல்லையிலேயே காய்க்கும். காயவைத்தால் ஆண்டு முழுவதும் இருக்கும். எனவே அது ஏழையின் காரமாயிற்று. திருச்சி, மதுரை, சேலம் மாவட்டங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தவர்கள் அந்தச் சுவையையும் உடன் கொண்டுவந்தனர். வேறு கறி வாங்க வழியில்லாத நாளில் சம்பலே கறி.

1970களின் முற்பகுதியில் செத்தல் மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்து மிளகாய்ச் செய்கை செழித்தது. 1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அது வீழ்ந்தது. அதே 1970களின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன என்பதையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும்.

கந்தப்பளைத் தோட்டங்களைப் பார்த்தால் இன்னொன்றும் விளங்கும். அங்கு விளையும் உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவின் ஆந்தீசு மலைகளுக்குரியது. போஞ்சியும் அமெரிக்கப் பயிரே. அதன் பெயர் ஒல்லாந்தர் தந்தது. ஏன், தேயிலையே வந்தேறிதான். இவற்றில் எதனிடமும் பூர்வீகம் எது என்று எவரும் கேட்டதில்லை.

மனிதரிடம்தான் கேட்டார்கள். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று கணக்குப் போட்டது. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. போர்த்துக்கேயக் கப்பலில் வந்த மிளகாய் எந்தச் சட்டமும் இன்றி இலங்கையின் காயாகிவிட்டது. அதை அம்மியில் அரைத்த கைகளுக்கு அந்நிலை வாய்க்க ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அவர்கள் குடியிருக்கும் லயத்து நிலம் இன்றும் பெரும்பாலோருக்குச் சொந்தமாகவில்லை.