பரிசலில் கேமரா

பெங்களூருக்குத் தெற்கே, கனகபுரா வழியாக இரண்டு மூன்று மணி நேரப் பயணத்தில் காவிரி வந்துவிடும். சங்கமா, கலிபோரே, பீமேஸ்வரி, இன்னும் கீழே தமிழ்நாட்டு எல்லையில் ஒகேனக்கல் என நீளும் இந்தப் பகுதியில் ஆற்றில் இறங்க உதவும் படகு பரிசல்தான். முன்னும் பின்னும் இல்லாத வட்ட வடிவம். மூங்கில் பிளாச்சுகளால் பின்னிய சட்டம். அதன் அடியில் முன்பு மாட்டுத்தோல், பிற்பாடு தார் பூசிய விரிப்பும் பிளாஸ்டிக்கும், இப்போது பல இடங்களில் ஃபைபர் கண்ணாடி. 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியர் தொமிங்கோ பாயஸ், துங்கபத்திரையில் ஓடிய இதே படகை விவரித்திருக்கிறார். பிரம்பால் பின்னித் தோல் போர்த்திய அந்தப் படகில் பதினைந்து இருபது பேர் ஏறலாம், வேண்டுமானால் குதிரையும் மாடும்கூட ஆற்றைக் கடக்கும் என்பது அவர் குறிப்பு.

பரிசலின் அடித்தளத்தில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். உட்காருபவரின் இடுப்புக்குச் சற்றுக் கீழே ஆற்றின் மட்டம். பாறை இடுக்கில் நீரோட்டம் வேகமெடுத்தால் படகு சுழலும். துடுப்பிலிருந்து தெறிப்பது மடியில் விழும். இப்படிப்பட்ட இடத்துக்குக் கேமரா வந்த வரலாற்றை மஹசீர் மீனிலிருந்து தொடங்குவதே முறை.

மஹசீர் கெண்டை இனத்தைச் சேர்ந்தது. காவிரியில் வாழும் திமில் மஹசீர் அந்த இனத்திலேயே பேருரு கொண்டது. எச். எஸ். தாமஸ் 1873இல் வெளியிட்ட ‘தி ராட் இன் இந்தியா’ என்னும் நூலுக்குப் பின் தென்னிந்திய ஆறுகள் ஆங்கிலேயத் தூண்டில்காரர்களிடையே பேர்பெற்றன. 1919இல் ரிவெட்-கார்னக் என்ற ராணுவ அதிகாரி காவிரியில் 119 பவுண்டு மீனைப் பிடித்தார். 1946இல் மைசூரின் டி வெட் வான் இங்கன் பிடித்தது 120 பவுண்டு, ஏறக்குறைய 54 கிலோ. வான் இங்கன் குடும்பத்தின் தொழில் வேட்டையாடிய விலங்குகளைப் பாடம் செய்வது. மகாராஜாக்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும் சுட்ட புலி, சிறுத்தைகள் அவர்களுடைய மைசூர்க் கூடத்தில் உயிருள்ளவை போல நிறுத்தப்பட்டன. பெரிய மீனுக்கும் அன்று அதுவே கதி: கொன்று, எடை போட்டு, பாடம் செய்து, சுவரில் மாட்டுவது. சாட்சி சுவரில் தொங்கியதால் படம் எடுப்பது கட்டாயமாக இருக்கவில்லை.

1970களில் இந்த நிலை மாறத் தொடங்கியது. 1972இல் பெங்களூரில் உருவான தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் காவிரியின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்து, வெடிவைத்து மீன் பிடிப்பதைத் தடுக்கக் காவல் போட்டது. 1980இல் தொடங்கிய கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் பின்னர் பீமேஸ்வரி, தொட்டமாகளி, கலிபோரேயில் தூண்டில் முகாம்களை நடத்தியது. அங்கே விதி ஒன்றே: பிடித்த மீனை உயிரோடு விட்டுவிட வேண்டும். பிடித்தவர் வீட்டுக்குக் கொண்டுபோக எடைக்குறிப்பும் ஒரு புகைப்படமும் மட்டுமே மிஞ்சின. சுவரில் தொங்கிய தலையின் இடத்தைப் படம் பிடித்துக்கொண்டது. காவிரிக்கரையில் கேமராவுக்கு இதைவிடப் பெரிய வேலை வேறு எப்போதும் கிடைத்ததில்லை.

ஆனால் அந்தப் படம் எடுப்பது லேசான காரியமல்ல. மீனை நீருக்கு வெளியே அதிக நேரம் வைத்திருக்கக் கூடாது. பிடித்தவரும் உடன்வந்த உள்ளூர் வழிகாட்டியும் இடுப்பளவு நீரில் நின்று அதை ஏந்துவார்கள். படமெடுப்பவரும் நீரில் இறங்கியாக வேண்டும். கை முழுக்க ஈரமும் மணலும் மீனின் வழவழப்பும். சாதாரண கேமரா பிளாஸ்டிக் பைக்குள் முடிச்சுப் போட்டு இருக்கும். முடிச்சை அவிழ்ப்பதற்குள் மீன் களைத்துவிடும். அவசரத்தில் அவிழ்த்தால் கேமரா நனையும்.

இந்தச் சிக்கலுக்கு விடை கடலிலிருந்து வந்தது. கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோவின் ஊக்கத்தில் பெல்ஜியரான ஜான் டி வூட்டர்ஸ் வடிவமைத்த ‘கலிப்சோ’ 1960 வாக்கில் பிரான்சில் விற்பனைக்கு வந்தது. அதுவரை கடலடிப் படத்துக்குக் கேமராவைப் பெரிய உலோகப் பெட்டிக்குள் அடைக்க வேண்டியிருந்தது. கலிப்சோவில் கேமராவின் உடலே பெட்டி. இணைப்புகள்தோறும் ரப்பர் வளையங்கள் நீரைத் தடுத்தன. உரிமையை வாங்கிய ஜப்பானின் நிக்கான் நிறுவனம் 1963இல் அதை ‘நிக்கானோஸ்’ என்ற பெயரில் வெளியிட்டது. அதன் 35 மி.மீ. லென்ஸ் நீருக்குள்ளும் வெளியேயும் வேலை செய்தது, 28 மி.மீ. லென்ஸோ நீருக்குள் மட்டுமே துல்லியமாகப் படமெடுக்கும். ஆற்றுக்கு எது பொருந்தும் என்பதை இந்த ஒரு வேறுபாடே தீர்மானித்துவிடும். தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டுக் குமிழைத் திருக வேண்டும். முதல் மூன்று மாதிரிகளில் ஃபிலிம் மாற்ற லென்ஸைக் கழற்றி, உட்பகுதி முழுவதையும் வெளியே தூக்க வேண்டும். தண்ணீர் தெறிக்கும் பரிசலில் அது நடவாத காரியம். 36 படங்கள் முடிந்தால் கரையேறியே தீரவேண்டும். அதன் விலையும் அன்றைய இந்தியாவின் இறக்குமதிக் கட்டுப்பாடும் சேர்ந்து, பெங்களூரின் பெரும்பாலான படக்காரர்களுக்கு அதை எட்டாத பொருளாக்கின.

மலிவான வழியை வேறு சில கருவிகள் திறந்தன. ஃபுஜியின் எச்.டி.-எம் மழைக்கும் மணலுக்கும் ஈடுகொடுத்தது. 1980இல் மினோல்டாவின் மஞ்சள் நிற வெதர்மேட்டிக் நீரில் மிதக்கவே செய்தது. அந்த நிறமும் மிதப்பும் வெறும் அலங்காரமல்ல. கலங்கிய நீரில் கருப்பு கேமரா விழுந்தால் அது போனதுதான்.

டிஜிட்டல் காலத்தில் பெரிய தடை லென்ஸ். சாதாரண சிறு கேமராவில் பொத்தானை அழுத்தியதும் லென்ஸ் குழல் வெளியே நீளும். நகரும் குழலைச் சுற்றி நீரை அடைப்பது கடினம். ஒளியைப் பட்டகத்தால் திருப்பி, லென்ஸ் வரிசை முழுவதையும் உடலுக்குள்ளேயே மடக்கி வைக்கும் முறையை மினோல்டா 2002இல் ஒரு சாதாரண கேமராவில் கொண்டுவந்தது. நீர் புகாத கேமராக்களுக்கு அதுவே அடிப்படையாயிற்று. 2006இல் ஒலிம்பஸின் மியூ 720 எஸ்.டபிள்யூ. 3 மீட்டர் ஆழத்தையும் 1.5 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதையும் தாங்கியது. 2012இன் டி.ஜி.-1 அதை 12 மீட்டராகவும் 2 மீட்டராகவும் உயர்த்தியது. பரிசலுக்கு ஆழத்தின் எண் பெரிதல்ல. பாறையில் விழுந்தால் பிழைக்குமா, ஈரக்கையால் இயக்க முடிகிறதா, மரநிழல் படிந்த நீரில் ஒளியை வாங்கும் லென்ஸா என்பவையே முக்கியம். டி.ஜி.-1இன் எஃப் 2.0 துளை இந்தக் கடைசித் தேவைக்கு ஏற்றது. இந்த வகைக் கேமராக்கள் எட்டாத இடமும் உண்டு. மடக்கிய லென்ஸ் அதிக தூரம் இழுக்காது. கரையில் இருக்கும் நீர்நாயையோ மரத்தில் இருக்கும் மீன்கொத்தியையோ எடுக்க விரும்புபவர் பெரிய கேமராவை நீர் புகாத பையில் சுமந்தே ஆக வேண்டும்.

நீர்புகாமையைக் குறிக்கும் ஐ.பி. எண்களும் கவனித்துப் படிக்க வேண்டியவை. ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம், அதுவும் அசையாத நல்ல நீரில். பாறை இடுக்கில் பாயும் நீரின் வேகம் அந்தச் சோதனையில் சேராது. பேட்டரி மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரே ஒரு மணல் பருக்கை ஒட்டியிருந்தாலும் நீர் உள்ளே வரும். ஆகவே பரிசலில் மூடியைத் திறக்காமல் இருப்பதே நல்லது. வெயிலில் காய்ந்த கேமராவைச் சட்டென்று குளிர்ந்த நீரில் இறக்கினால் லென்ஸின் உட்பக்கம் பனிக்கும்.

கேமரா இப்படித் தேறிவந்த காலத்தில் மீனோ அருகிவந்தது. கலிபோரேயின் தூண்டில் பதிவுகள் 2012உடன் முடிகின்றன. 1987இல் அறிவிக்கப்பட்ட காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் தூண்டில் நிறுத்தப்பட்டது. 1998 முதல் தொடர்ந்து எழுதிவைத்த அந்தப் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு, திமில் மஹசீர் அழிவின் விளிம்பில் இருப்பதையும், வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மஹசீர் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டதையும் காட்டியது. பல தலைமுறை தூண்டில்காரர்கள் பெருமையோடு பேசிய மீனுக்கு ‘டோர் ரெமாதேவி’ என்ற அறிவியல் பெயர் உறுதியானது 2018இல்தான். அதே ஆண்டில் அது அழிவாபத்து மிக்க உயிரினப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.