பழியும் மீட்பும்

மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம் செல்லும் வழியில் இருப்பது பசுமலை. அமெரிக்கன் கல்லூரி 1881இல் அங்கேதான் தொடங்கியது. அதனை நிறுவிய பாதிரிமார், இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பியூரிட்டன் என்னும் தூய்மை நெறியாளரின் வழியில் வந்தவர்கள். மனிதன் பாவியாகவே பிறக்கிறான், இறையருளன்றி அவனுக்கு மீட்சியில்லை என்பது அந்நெறியின் அடிப்படை.

அந்நெறி ஈன்ற பெருங்கதை, ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்ச யாத்திரை நூல். முதுகில் பாவச் சுமையோடு நடக்கிறான் ஒருவன். சிலுவையின் முன் அச்சுமை தானே கழன்று விழுகிறது. அதனைத் தமிழில் பெயர்த்தவர்களுள் ஒருவர் யாழ்ப்பாணத்து லீவை ஸ்பால்டிங். மதுரையில் சமயப்பணி தொடங்கலாமா என்று 1834இல் நேரில் வந்து பார்த்தவரும் அவரே. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அக்கதையைத் தழுவிக் காப்பியமாகப் பாடிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது.

இந்தியாவுக்கென்று அமெரிக்கா அனுப்பிய முதற் பாதிரிமார் 1812இல் குருப்பட்டம் பெற்ற ஊர் சேலம். நம் சேலம் அன்று, அமெரிக்கச் சேலம். சூனியக்காரர் என்று குற்றஞ்சாட்டிப் பத்தொன்பது பேரை 1692இல் தூக்கிலிட்டதும் அவ்வூரே. அவ்வழக்கின் நீதிபதிகளுள் ஒருவருடைய வழித்தோன்றல் நதானியல் ஹாதார்ன். முன்னோரின் பழி அவர் நெஞ்சை உறுத்தியது. 1850இல் அவர் வெளியிட்ட ‘சிவப்பு எழுத்து’ என்னும் நாவலில், நெறி பிறழ்ந்த ஹெஸ்டர் தன் குற்றத்தின் அடையாளத்தை மார்பில் அணிந்து ஊரறிய வாழ்கிறாள். அவளோடு பிழைசெய்த போதகரோ அதனை மறைத்து உள்ளுக்குள் உருகித் தேய்கிறார். இறுதியில் ஊரார் முன் உண்மையைச் சொல்லி உயிர் விடுகிறார். ஊர் ஒதுக்கிய ஹெஸ்டரோ துன்புற்றோர்க்குத் தொண்டு செய்தே மதிப்புப் பெறுகிறாள்.

மதுரை மக்களுக்கு இது முற்றிலும் அயலான செய்தியா? அன்று என்பேன். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மாபாதகம் தீர்த்த படலம் இருக்கிறது. தாயிடம் முறைகேடாக நடந்து, தந்தையையும் கொன்றவன் ஒருவன். பழி அவனை ஊர் ஊராகத் துரத்துகிறது, எங்கும் புகலில்லை. மதுரையை அடைந்ததும் வேடன் வேடத்தில் இறைவனே எதிர்வந்து, அவன் கேளாமலே உய்யும் வழி சொல்கிறான். அன்றாடம் பசுவுக்குப் புல் இடுதலும், நீராடிக் கோயிலை வலம் வருதலுமே அவ்வழி.

தன் சுமையைத் தானே இறக்க முடியாது, அருள் வேண்டும் என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. வேற்றுமை, பழி இருக்கும் இடத்தில். இங்கே அது பின்னால் துரத்தி வருகிறது; ஹாதார்ன் கதையில் நெஞ்சுக்குள் குடியிருக்கிறது. வேறொன்றும் உண்டு. அருளை நாளும் ஓதிய அந்த ஊர், தவறியவளுக்கு அருள் காட்டவில்லை. ஹாதார்ன் தம் முன்னோர்மீது சாட்டிய குற்றம் இதுவே என நான் கருதுகிறேன்.

அக்குற்றத்தைக் கடல் கடந்த ஊருக்கே உரியதாக்கி நாம் அமைதியடைந்துவிட இயலாது. மாபாதகனை ஏற்ற இறைவனைப் பாடும் ஊர் நம்முடையது. தண்டனை முடிந்து சிறையினின்று திரும்பும் ஒருவனுக்கு நம் தெருவில் ஒரு குடிக்கூலி வீடு கிடைக்குமா? அதற்கு நாம் சொல்லும் விடையே, அப்படலத்தை நாம் உணர்ந்து கேட்டோமா என்பதைக் காட்டும்.